முன் இடது சக்கரம் மட்டும் கொதிக்கிறது: பேட் மாற்றியும் பிரேக் ஒட்டுகிறது

உடுமலை_வண்டி

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) கிடையாது.

வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாரில் நிறுத்தியபோது முன் இடது சக்கரத்தில் கருகல் வாடை அடித்தது. மலை இறக்கம் என்பதால் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது சமவெளியிலும் அதே கதை. காலையில் எடுக்கும்போது ஒன்றும் இல்லை, கையால் தள்ளினாலே வண்டி நகரும். ஊருக்குள் கொஞ்ச நேரம் ஓட்டியதும் ஸ்டீயரிங் இடது பக்கம் இழுக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வேகம் குறைகிறது. இறங்கிப் பார்த்தால் இடது ரிம்மில் கை வைக்க முடியவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் முன் பேட் (டிஸ்க்கை உரசி நிறுத்தும் கட்டை) இரண்டு பக்கமும் மாற்றினார்கள், டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவினார்கள். பில் கட்டியதுதான் மிச்சம். இப்போது "காலிப்பர் அசெம்ப்ளி மாற்றணும்" என்கிறார்கள். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வியையே முழுசாக மாற்றணுமாம். அதற்கும் காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே ஏதாவது சோதித்துப் பார்க்க முடியுமா? ஜாக்கி, ஸ்பேனர் செட் இருக்கிறது. கை வேலை ஓரளவு வரும்.

டாப்கியர்_தம்பி

ப்ரோ, காலிப்பர் பிஸ்டன் ஜாம். என் நண்பன் வண்டியில் இதேதான். சக்கரத்தைக் கழற்றி காலிப்பர் மேல் டபிள்யூடி-40 நன்றாக அடியுங்கள், விட்டுவிடும். வழியில் ரொம்பச் சூடானால் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஸ்பேனர்_மதுரை

தம்பி சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள்.

அந்த ஸ்ப்ரே பெட்ரோலிய வகை. பிரேக்கில் இருக்கும் ரப்பர் சீல், பூட் (தூசி புகாமல் மூடும் ரப்பர் உறை) எல்லாம் அதை உறிஞ்சி ஊதிப்போகும். பிறகு உண்மையாகவே ஜாம் ஆகும். அதைவிட, ஒரு துளி பேட் மேல் பட்டாலும் அந்தச் சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. கொதிக்கும் டிஸ்க் வார்ப்பிரும்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம், கோணிக்கொள்ளலாம். ஓரமாக நிறுத்தி தானாக ஆறவிடுவதுதான் வழி.

சரி, விஷயத்துக்கு வருவோம். டிஸ்க் பிரேக்கில் பேடைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றி சதுர விளிம்பு கொண்ட ஒரு ரப்பர் சீல் இருக்கும். மிதிக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்து அது லேசாக முறுக்கிக்கொள்ளும், காலை எடுத்ததும் தன் நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது அந்த நகர்வு. அந்த நூலளவு இடைவெளியைக் கெடுக்கிற எதுவும் பிரேக்கை ஒட்ட வைக்கும். அது மூன்று வகையில் வரும்.

ஒன்று, காலிப்பர் சறுக்கும் பின்கள் (சின்ன இரும்புத் தண்டுகள்) காய்ந்து இறுகியிருக்கலாம், இல்லை பேடின் காதுகள் பிராக்கெட்டில் துருவேறிச் சிக்கியிருக்கலாம். இரண்டு, பிஸ்டனே துருப்பிடித்திருக்கலாம். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: பிஸ்டனும் பின்னும் நன்றாகவே இருக்கும், பிரேக் ஆயில் அழுத்தம் திரும்பிப் போகாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் நீங்கள் புது காலிப்பர் போட்டாலும் அது ஒட்டும்.

எதையும் வாங்கும் முன் இரண்டு கேள்வி. கழற்றிய பழைய பேட் கையில் இருக்கிறதா? இருந்தால் உள் பேட், வெளி பேட் இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா?

கொங்கு_டாக்சி

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, மலையில் ஓட்டிப் பிழைக்கிறவன்.

வால்பாறை, கொல்லிமலை இறங்கினால் எல்லாச் சக்கரமும்தான் சுடும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சமவெளியில், பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, நியூட்ரலில் தானாக நிற்கவிட்டுப் பாருங்கள். இறங்கி இடது வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை விரலில் எடுத்து ரிம் நடுவில் தெறிக்கவிடுங்கள். "சொய்ங்" என்று ஆவியானால் அங்கே 100 டிகிரிக்கு மேல்.

தெர்மோமீட்டர் கன் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஆனால் கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றிக் கன் உதவாது, அது காய்ச்சல் அளவோடு நின்றுவிடும். தொழிற்சாலைகளில் பயன்படுத்துவது வேண்டும். டிஸ்க்கின் பளபளக்கும் பகுதியில் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், பேட் தொடாத துருநிற ஓரத்தில் காட்டி ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. சுடுகிற சக்கரத்தோடு மலைப் பக்கம் போகவே போகாதீர்கள். டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கணும், டாட் 4 என்றால் 230. அது புது ஆயிலுக்கு. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் சேர்ந்த பிறகு அதே தரத்தில் சொல்லும் அளவு டாட் 3-க்கு 140, டாட் 4-க்கு 155. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி அடி வரை போகும், வண்டி நிற்காது.

உடுமலை_வண்டி

நன்றி அண்ணா. பழைய பேட் டிக்கியிலேயே கிடக்கிறது. உள், வெளி இரண்டும் ஏறக்குறைய ஒரே தேய்மானம். சாய்வாகவும் தேயவில்லை. ஆனால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஓரம் பொடிந்திருக்கிறது.

பக்கத்து ரைஸ் மில்லில் தெர்மோமீட்டர் கன் வாங்கிப் பார்த்தேன். பைபாஸில் நிதானமாக ஓட்டிவிட்டு நிறுத்தினால் முன் இடது 190 டிகிரி, முன் வலது 70. பின்னால் இரண்டு டிரம்மும் 50-ஐத் தாண்டவில்லை.

பழைய_ஜீப்

மாஸ்டர் சிலிண்டரை (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் உருளை) பாருங்கள். யாரும் இதைச் சொல்வதில்லை. என் வண்டியில் ஆயில் குறைந்தபோது டிரைவர் கைக்குக் கிடைத்த ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிட்டார். இரண்டே வாரத்தில் ரப்பர் எல்லாம் ஊறிப் பெருத்து நான்கு சக்கரமும் பிடித்துக்கொண்டது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் (சக்கரத்துக்கு ஆயில் போகும் ரப்பர் குழாய்) என்று ரப்பர் இருக்கும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் ஆயில் டப்பா மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரப்பரைப் பாருங்கள். அது ஊதி நெளிந்திருந்தால் யாரோ தப்பான ஆயில் ஊற்றியிருக்கிறார்கள்.

ஸ்பேனர்_மதுரை

ஜீப் சார் சொல்வது நடக்கும், அந்த மூடி சோதனையும் நல்ல சோதனை. ஆனால் மாஸ்டர் சிலிண்டர் கோளாறு ஒரு சக்கரத்தோடு நிற்காது. நிறைய முன்சக்கர இழுவைக் கார்களில் பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும்: முன் இடதும் பின் வலதும் ஒரு வழி, முன் வலதும் பின் இடதும் இன்னொரு வழி. மாஸ்டரில் திரும்பும் துளை அடைத்தாலோ, பெடல் ராடுக்குச் சிறு இடைவெளி இல்லாமல் எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டே இருந்தாலோ, குறைந்தது ஒரு ஜோடி ஒட்டும். ஓட ஓட ஆயில் விரிந்து இன்னும் இறுகும். பிரேக் லைட் சுவிட்ச் மாற்றிய பிறகு இப்படி வந்தால் முதலில் அந்த அட்ஜஸ்ட்மென்ட்டைத்தான் பார்க்கணும். இவர் வண்டியில் பின்னால் 50 டிகிரி. அதனால் மாஸ்டரைக் கடைசியில் வைக்கிறேன்.

பேட் இரண்டும் சமமாகத் தேய்ந்ததால் சறுக்கும் பின் இறுகியிருக்கும் சந்தேகமும் குறைகிறது. பின் இறுகினால் பெரும்பாலும் ஒரு பேட் மட்டும் ஓடாய்த் தேய்ந்திருக்கும். மிச்சம் பிஸ்டன், இல்லை மாட்டிய அழுத்தம். இதைப் பிரிக்க ஒரு ஸ்பேனர் போதும்.

உடுமலைத் தம்பி, சமதளத்தில் நிறுத்து. ஹேண்ட் பிரேக் போடு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதே. கியர் நியூட்ரல். இப்போது ஒருவரை பிரேக்கை அழுத்தி மிதித்து விடச் சொல். விட்டதும் உடனே சக்கரத்தைச் சுற்று. வலது பக்கத்தையும் சுற்றிப் பார், ஏனென்றால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் இழுப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

இடது இறுக்கமாக இருக்கிறதா? அந்த நிலையிலேயே காலிப்பர் பின்னால் இருக்கும் பிளீடிங் நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) தெளிவான டியூப் மாட்டி, கால் சுற்று மட்டும் திற. ஆயில் பீறிட்டு சக்கரம் சட்டென்று லேசானால் அழுத்தம் மாட்டியிருக்கிறது, காலிப்பரில் குற்றமில்லை. நிப்பிள் திறந்தும் இறுக்கம் விடவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோதான். உடனே நிப்பிளை மூடிவிடு.

வண்டி ஆறிக் கிடக்கும்போது இதைச் செய்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் செய்யணும். சூடு இருக்கும், கையுறை போடு.

கடலோரம்_தூத்துக்குடி

உப்புக் காற்றில் வண்டி வைத்திருக்கிறவன் அனுபவத்தில் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் காலிப்பருக்கு முதல் எதிரி பேட் உட்காரும் பிராக்கெட். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஸ்டீல் கிளிப்புக்கு அடியில் துரு வளர்ந்து கிளிப்பைத் தூக்கிவிடும். அந்தப் பள்ளத்தில் பேட் காது நகராது. புது பேடைச் சுத்தியலால் தட்டி உள்ளே நுழைக்கிறார்கள் என்றால் அங்கே கோளாறு என்று அர்த்தம். கிளிப்பைக் கழற்றி அடியில் இருக்கும் துருவை அரத்தால் இரும்பு தெரியும்வரை எடுத்தால் பேட் விரலால் தள்ளினாலே சறுக்கும்.

காலிப்பர் பின்களைக் கழற்றினால் மேல் பின் எது, கீழ்ப் பின் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில வண்டியில் ஒன்றின் நுனியில் மட்டும் ரப்பர் வளையம் இருக்கும், மாற்றிப் போடக்கூடாது. பழைய கிரீஸைத் துடைத்து சிலிகான் கிரீஸ் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். பேரிங் கிரீஸ் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், நிப்பிள் திறந்து சக்கரம் விட்டால் நேராக ரப்பர் ஹோஸைப் பாருங்கள். முக்கியமாக, ஹோஸ் நடுவில் அதைத் தாங்கும் இரும்புப் பட்டை.

உடுமலை_வண்டி

அண்ணா, செய்து பார்த்தேன். தங்கை பிரேக் மிதித்தாள். விட்ட பிறகு இடது சக்கரத்தை இரண்டு கையாலும் தள்ளினாலும் நகரவில்லை, வலது சாதாரணமாகச் சுற்றுகிறது. நிப்பிளைத் திறந்ததும் டியூபில் காப்பி நிறத்தில் ஆயில் சீறியது. சக்கரம் உடனே விட்டுவிட்டது!

நிப்பிளை மூடிவிட்டு மறுபடி மிதிக்கச் சொன்னேன். மறுபடி பிடித்துக்கொண்டது. ஆனால் அப்படியே விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தானாகத் தளர்ந்திருக்கிறது.

ஸ்பேனர்_மதுரை

அருமை. காலிப்பர் அசெம்ப்ளி காசு மிச்சம். மெதுவாகத் தானே தளர்வது ஹோஸின் அடையாளம். மிதிக்கும்போது மேலிருந்து பெரிய அழுத்தம் வருவதால் ஆயில் இடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. திரும்பும்போது தள்ள ஆளில்லை, கசிந்து கசிந்துதான் வருகிறது.

உறுதி செய்ய ஒரு படி மேலே போ. சக்கரம் பிடித்திருக்கும்போது, ஹோஸின் மேல் முனை இரும்புக் குழாயோடு சேரும் நட்டை லேசாகத் தளர்த்து. அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை, ஆனால் கீழே நிப்பிளில் விடுகிறது என்றால், அடைப்பு இரண்டுக்கும் நடுவில். நடுவில் இருப்பது ஹோஸ் மட்டும்தான். மேலே தளர்த்தியதும் விட்டுவிட்டால் கோளாறு இன்னும் மேலே, மாஸ்டர் பக்கம்.

அந்த நட்டுக்குச் சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், அப்புறம் இரும்புக் குழாயையே மாற்றணும். நட்டைச் சுற்றிலும் கவ்வும் பிளேர் நட் ஸ்பேனர் வாங்கு. கீழே துணி விரி, ஆயில் பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும், பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு. இதற்குப் பிறகு லைனுக்குள் புகுந்த காற்றை எடுக்காமல் வண்டியை நகர்த்தாதே.

டாப்கியர்_தம்பி

ஹோஸ் வெளியே பார்த்தால் புதிது மாதிரி இருக்கும்போது உள்ளே எப்படி அடைக்கும்? நம்ப முடியவில்லை.

உடுமலை_வண்டி

எனக்கும் அதே சந்தேகம்தான். மேல் நட்டைத் தளர்த்தினேன், சக்கரம் விடவில்லை. நிப்பிளில் விட்டது. எனவே ஹோஸைக் கழற்றிவிட்டேன்.

தூத்துக்குடி அண்ணன் சொன்ன இடத்தில்தான் இருந்தது. வெளி ரப்பரில் ஒரு வெடிப்புகூட இல்லை. ஆனால் நடுவில் பிராக்கெட் கவ்வும் இடத்தில், இரும்புப் பட்டைக்கும் ரப்பருக்கும் நடுவில் துரு பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக வளர்ந்திருக்கிறது. வெளியே போக இடமில்லாமல் ரப்பரை உள்பக்கம் நசுக்கியிருக்கிறது. பிளேடால் அந்த இடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். மற்ற இடத்தில் துளை வட்டமாக இருக்கிறது, இங்கே ஒரு கீறல்தான். வாயில் வைத்து ஊதினால் காற்றே போகவில்லை. (வாயைக் கழுவிவிட்டேன், பயப்பட வேண்டாம்.)

கடலோரம்_தூத்துக்குடி

அதேதான். உடுமலையில் ஏது உப்பு என்று கேட்காதீர்கள், மழைச் சேறு அந்தப் பட்டைக்குள் புகுந்து தங்கினாலே போதும். சில வண்டியில் பட்டை நன்றாக இருந்து உள் ரப்பரில் ஒரு செதிள் பிரிந்து வால்வு மாதிரி மூடிக்கொள்ளும். அதை வெட்டிப் பார்த்தாலும் கண்ணுக்குச் சட்டென்று படாது.

ஸ்பேனர்_மதுரை

வலது ஹோஸும் அதே வயது, அதே சேறு. இரண்டையும் சேர்த்து மாற்று. ஒன்றின் விலை சில நூறு ரூபாய்தான்.

காலிப்பர் பக்கம் ஹோஸைப் பூட்டும் பேன்ஜோ போல்ட் (உள்ளே ஆயில் போகத் துளை உள்ள போல்ட்) வரும். அதன் இரண்டு பக்கமும் செம்பு வாஷர், கட்டாயம் புதிது போடணும், பழையது நசுங்கியிருக்கும், கசியும். ஹோஸை முறுக்காமல் பொருத்து. மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு ஓரத்துக்கும் திருப்பி, டயரிலோ ஷாக் அப்சார்பரிலோ உரசுகிறதா பார். காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாதே, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டு.

ஆயில் காப்பி நிறம் என்றாயே, மொத்தத்தையும் மாற்று. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும். மூடியில் டாட் 3 என்று இருந்தால் டாட் 4 போடலாம், இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிகான், கலக்கவே கூடாது. சீல் உடைக்காத புது டப்பா வாங்கு. வீட்டில் பாதி மிச்சம் இருக்கும் பழைய டப்பா வேண்டாம்.

கொங்கு_டாக்சி

நான் இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். கண்டுபிடிக்கிற வரை வீட்டில் செய்தது சரி. ஆனால் பிரேக் லைனைத் திறந்து மூடுவதை முதல் தடவை செய்கிறவர் தனியாகச் செய்யலாமா? ஒரு நல்ல மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் உயிர் மட்டும் இல்லை, எதிரில் வருகிறவன் உயிரும் இருக்கிறது.

ஸ்பேனர்_மதுரை

நியாயமான பேச்சு. ஏபிஎஸ் வண்டியாக இருந்தால் நானே வேண்டாம் என்பேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஏபிஎஸ் கட்டாயம், அந்த யூனிட்டுக்குள் காற்று போனால் பல வண்டிகளில் ஸ்கேனர் போட்டுத்தான் எடுக்கணும். இது பழைய நேரான லைன். நிதானமாகச் செய்தால் முடியும். சந்தேகம் இருந்தால் ஒர்க்‌ஷாப்காரரை வீட்டுக்கு வரச் சொல்லிக் காற்று மட்டும் எடுக்கச் சொல், வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போகாதே.

காற்று எடுக்கும் வரிசை உன் வண்டி மேனுவலில் இருப்பதுதான். ஒரு ஆள் மிதித்துப் பிடிக்கணும், நீ திறந்து மூடணும், மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்கணும். "மிதி", "விடு" இரண்டு சொல் தவிர வேறு பேச்சு வேண்டாம். டப்பாவில் ஆயில் அடிக்குப் போகவிடாதே, போனால் முதலிலிருந்து.

முடிந்ததும் என்ஜின் ஓடும்போது பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடி. மெதுவாக இறங்கினால் எங்கோ கசிவு. வாசலிலேயே முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்திப் பார்த்த பிறகு தெருவுக்கு வா.

ஏற்காடு_ரோடு

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மழையில் நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தால் என் காரில் பின் சக்கரம் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. அப்புறம் "டக்" என்று ஒரு சத்தம், விட்டுவிடுகிறது. இதுவும் ஹோஸா?

கடலோரம்_தூத்துக்குடி

இல்லை, அது ஹேண்ட் பிரேக் போட்டபடி நிறுத்தியதில் லைனிங் துருவோடு டிரம்மில் ஒட்டிக்கொள்வது. நாள்கணக்கில் நிறுத்துவதானால் சமதளத்தில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போடாமல் விடுங்கள். "டக்" சத்தத்துக்குப் பிறகும் டிரம் சுட்டால் கேபிள் உறைக்குள் துரு. டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளை வாயாலோ ஏர் அடித்தோ ஊதாதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத் துணியால் துடையுங்கள், இல்லை பிரேக் கிளீனர் அடியுங்கள்.

உடுமலை_வண்டி

முடிந்தது. இரண்டு ஹோஸும் புதிது, டாட் 4 முழுவதும் மாற்றியாயிற்று. கொங்கு அண்ணன் சொன்னதற்காக, எங்கள் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் காற்று எடுத்தேன். பெடல் கல் மாதிரி நிற்கிறது. அதே பைபாஸ், அதே வேகம்: இடது 72, வலது 69. இழுப்பு இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி. இடது டிஸ்க்கில் அங்கங்கே நீல நிறத் திட்டு இருக்கிறது. புது பேடும் அந்தச் சூட்டில் ஓடியதுதானே. இரண்டையும் மறுபடி மாற்றணுமா?

ஸ்பேனர்_மதுரை

நீலம் சூட்டுத் தழும்பு. 80-ல் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறதா? உதறினால் மாற்று, மறுபடி சீவாதே. டிஸ்க் ஓரத்திலோ நடு மூடியிலோ குறைந்தபட்சத் தடிமன் அச்சடித்திருக்கும், ஏற்கெனவே ஒரு தடவை சீவியாயிற்று, அளந்து பார். உதறல் இல்லை, விரிசல் இல்லை என்றால் ஓடட்டும். பேட் மின்னினால் எமரி தாளில் லேசாகத் தேய்த்துப் போடு. ஓரம் பொடிந்திருந்தால் வைத்திருக்காதே.

அதைவிட முக்கியம், இடது பிஸ்டன் வாயில் இருக்கும் தூசி பூட். 190 டிகிரி பார்த்த ரப்பர் அது. விரலால் இழுத்துப் பார். வீல் பேரிங்கில் கிரீஸ் உருகி வெளியே வந்த அடையாளம் இருக்கிறதா, ஓடும்போது "ங்ம்ம்" என்று சத்தம் வருகிறதா என்றும் பார்த்துவிடு.

உடுமலை_வண்டி

உதறல் இல்லை, பேரிங் சத்தமும் இல்லை. பூட் ஒரு பக்கம் விறைத்து வெடித்திருக்கிறது.

ஸ்பேனர்_மதுரை

காலிப்பர் கிட் என்று கேட்டால் சீலும் பூட்டும் சேர்ந்து வரும். இரண்டு பக்கத்துக்கும் வாங்கு. பிஸ்டனை வெளியே எடுக்க ஏர் கம்ப்ரஸர் வைக்காதே, துப்பாக்கிக் குண்டு மாதிரி வந்து விரலை நசுக்கும். எதிரே ஒரு மரக்கட்டை வைத்து பிரேக் பெடலாலேயே மெதுவாகத் தள்ளி எடு. பிஸ்டன் மேல் நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் பிஸ்டனையும் மாற்றணும். புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போடு, வேறு எதுவும் தடவாதே. மழைக்கு முன்னால் முடித்துவிடு, வெடித்த பூட் வழியாகத் தண்ணீர் போனால் டாப்கியர் தம்பி சொன்ன பிஸ்டன் ஜாம் நிஜமாகவே வரும்.